சரஸ்வதியிடம் மாட்டிக்கொண்ட ஏரிக் கணக்கு

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்ற விதியை ஏற்படுத்தியது பெரியவர்கள் யாரும் இல்லை, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் என்று நான் நெடுங்காலம் நம்பி வந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல விதி எப்படி வந்திருக்கும்? பள்ளி நாட்களில் பூஜைக்கு முதல் நாளே என் புத்தகங்கள் மொத்தத்தையும் கட்டி அம்மாவிடம் ஒப்படைத்துவிடுவேன். கணக்குப் புத்தகத்தை மட்டும் அடியில் வைப்பேன். (மேலே இருந்தால் யாராவது எடுத்து, "எங்கே, ஒரே ஒரு கணக்கு போட்டுக் காட்டு" என்று கேட்டுத் தொலைத்துவிட்டால்?) அப்படிப்பட்ட பக்தையான நான், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பூஜை நாளில், அதே விதியால் அஸ்தினாபுரம் வீட்டுக் கூடத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்பாள் பழைய பாக்கியையெல்லாம் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டாள்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரத்தில் எம்.லிட். ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஏரிகள்தான் பொருள். சேலையூர், மாடம்பாக்கம், இரும்புலியூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் காலத்தில் ஓர் ஏரி கண்ணில் படும். நூறு வருஷத்துக்கு முன் இவற்றை யார் காத்தார்கள், மதகை யார் திறந்தார்கள், கரை உடைந்தால் யார் மண் சுமந்தார்கள் என்பது கேள்வி. பதிலையும் நான் எழுதி முடித்துவிட்டேன். மூன்று தடித்த புத்தகங்களை எதிரே பரப்பிக்கொண்டு, இங்கே ஒரு பத்தி, அங்கே ஒரு பத்தி என்று எடுத்து, நடுநடுவே "ஆகவே", "எனினும்" என்று போட்டு ஒட்டி வைத்திருந்தேன். கையெழுத்து மணி மணியாக இருந்தது. அதுவே பாதி ஆராய்ச்சி என்பது என் எண்ணம்.

என் வழிகாட்டி ஞானராஜ் சார் அதைப் படித்தார். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தவர். வெயிலோ மழையோ, வகுப்போ சர்ச்சோ, கையிலிருந்து குடையை இறக்க மாட்டார். கோபம் ஏற ஏற அவருக்குக் குரல் இறங்கும். அதனால் அவர் கத்தினால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். அன்று அவர் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன்.

"வசந்தி, இந்த முதல் புத்தகக்காரர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுறார்?"

அடிக்குறிப்பைப் பார்த்தேன். "ரெண்டாவது புத்தகத்தை, சார்."

"அவரு?"

"மூணாவதை."

"மூணாவது ஆளு?"

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். "முதல் புத்தகத்தோட பழைய பதிப்பை, சார்."

"ஆக, மூணு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்காங்க. நீ நாலாவதா போய் உக்காந்திருக்கே. ஏரியை யாரும்மா பார்த்தாங்க?"

அப்புறம் சாந்தமாகி விளக்கினார். ஏரிக்கரையில் நின்று பார்த்தவன் எழுதி வைத்தால் அது பிரைமரி சோர்ஸ். அவன் எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவன் எழுதினால் அது செகண்டரி. செகண்டரி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிரைமரியாவது இல்லாத ஆய்வேட்டில் தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அந்த வருஷம் பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் பிரதி டைப் அடிக்கப் போயாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் போனால் நான் டைப்ரைட்டிங் பரீட்சை எழுதி அப்பாவின் ஆபீசிலேயே குமாஸ்தாவாகச் சேர வேண்டும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அப்பாவின் பக்கத்து மேஜையில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து, மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மாதிரி எலுமிச்சை சாதத்தைத் திறப்பதை நினைத்துப் பார்த்தேன். மறுநாளே பல்கலைக்கழக நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பட்டணத்துக்குப் போக வேண்டும். அதே ரயிலில்தான் நூலகர் பரமசிவம் சாரும் வருவார். இரும்புலியூர்க்காரர், தாம்பரத்தில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவார். நூலகத்துக்கு வெளியே வாசகர்கள் என்று ஒரு வர்க்கம் உயிரோடு இருப்பதையே அவர் ஒப்புக்கொள்வதில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்து வணக்கம் சொன்னால் பல்லாவரம் மலையைப் பார்ப்பார். மலை தாண்டிப் போய்விட்டால் மீனம்பாக்கத்து விமானத்தைப் பார்ப்பார்.

நூலகத்தில் அட்டைகள் அடுக்கிய இழுப்பறைப் பெட்டிகள் ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தன. "ஏரி" என்று தேடினேன். இல்லை. "நீர்ப்பாசனம்". அதில் இருந்தவை எல்லாம் அதே பெஞ்சுக்காரர்கள். "மாடம்பாக்கம்" என்று தேடினால் கோயில் வந்தது. "மதகு" என்று தேடி, மனம் வெறுத்து, "தண்ணீர்" என்றுகூடத் தேடினேன். நாள் கணக்கில் இப்படி இழுப்பறையை இழுப்பதும் மூடுவதுமாக இருந்ததைப் பார்த்து, புத்தகம் எடுத்துத் தரும் ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, தெனம் வந்து பொட்டியவே இஸ்து இஸ்து மூடிகினு கீறே? கையி நோவலையா?"

நொந்தது. நேரே பரமசிவம் சாரின் மேஜைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமலே, "மாடம்பாக்கம் பக்கத்துக் கர்ணம் ஒருத்தர் வீட்டு மூட்டை வந்திருக்கு. குடுத்தவர் பேருல அட்டை இருக்கும். கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே?" என்றார். அவர் தலைக்கு நேர் மேலே "பேசாதீர்கள்" என்று பெரிய பலகை மாட்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மூட்டையில் இருந்தது ஒரே ஒரு நோட்டு. கர்ணம் என்றால் அந்தக் காலத்து ஊர்க் கணக்கர். அவர் தம் கைப்பட எழுதிய ஏரிக் கணக்கு அது. நூலகத்தார் சிவப்பு காலிகோ துணி அட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். மதகு திறந்த நாள், கரையில் மண் போட்டவர்கள், போடாமல் ஏய்த்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். புள்ளியே இல்லாத எழுத்து. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் இல்லை, காலை நேர ரயில் பெட்டி மாதிரி எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் படிக்க அரை நாள் ஆனது. அதற்குள் பூஜை விடுமுறை வந்து நூலகத்தைப் பூட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞானராஜ் சார் குடையோடு வந்து, தம் பெயரில் கையெழுத்துப் போட்டு, விடுமுறைக்கு மட்டும் அந்த நோட்டை இரவல் வாங்கினார். மூல ஆவணம் எதையும் அவர்கள் வெளியே விட்டதில்லை. சாரின் முகத்துக்காகத்தான் கொடுத்தார்கள். பரமசிவம் சார் அதைத் துணியில் சுற்றி என் கையில் வைத்து, நாலு விஷயம் சொன்னார்: பக்கத்தில் நெருப்பு கூடாது, தண்ணீர் கூடாது, தின்பண்டம் கூடாது, மை கூடாது.

"என் பேரு இதுல இருக்கும்மா," என்றார் ஞானராஜ் சார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவு பதற்றமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

பூஜையன்று காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் விடுமுறையிலும் உட்கார்ந்து பார்த்து எழுதிவிடலாம் என்று திட்டம். மேஜையில் சுற்றி வைத்த துணி மட்டும் இருந்தது.

கூடத்தில் மணைப்பலகை மேல் புத்தக அடுக்கு எழும்பி நின்றது. அப்பாவின் ஆபீஸ் கையேடு, என் ஆய்வுக் குறிப்புகள், பள்ளிக்கூட அட்லஸ், எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு அட்டை. பட்டுத்துணி போர்த்தி, சாமந்திச் சரம் சாத்தியிருந்தாள் அம்மா. இந்தப் பக்கம் குத்துவிளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் கலசத்தில் தண்ணீர் தளும்பியது. முன்னால் கொண்டைக்கடலைச் சுண்டலும் பாயசமும். அப்பா பக்தியோடு தம் பேனாவையும், மூடி சரியாக மூடாத மைக்கூட்டையும் கொண்டுவந்து வைத்திருந்தார். பரமசிவம் சார் சொன்ன நாலும் ஒன்று விடாமல் வந்து சேர்ந்திருந்தன.

"அம்மா! அது லைப்ரரி புத்தகம்!"

"தெரியும்டி. எவ்ளோ பழசு! எத்தனை பேர் தொட்டுப் படிச்சதோ. அதான் மேலே வெச்சேன்."

"அதை நான் இன்னிக்குப் படிக்கணும்மா!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. பூஜையன்று படிக்கிறேன் என்று நான் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "நாளைக்குப் புனர்பூஜை பண்ணி எடுக்கலாம். அதுவரைக்கும் தொட்டே, தெரியும் சேதி," என்றாள். அப்பாவிடம் முறையிட்டேன். ஆபீசில் மேலதிகாரியையும் வீட்டில் அம்மாவையும் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது அவருடைய கொள்கை. பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

மத்தியானம், வடை பாயசம் சாப்பிட்ட களைப்பில் வீடு கண்ணயர்ந்தது. நான் பூனை மாதிரி எழுந்து போனேன். விளக்கை மெல்ல நகர்த்தினேன். கலசத்தைத் தள்ளி வைத்தேன். பட்டுத்துணிக்குக் கீழே கையை விட்டுச் சிவப்பு நோட்டை உருவிக்கொண்டு, பட்டுத்துணி தொய்ந்து தெரியாதபடி அட்லஸை அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தேன். (என் எம்.லிட். மூளை அன்று வேலை செய்தது அந்த ஒரு இடத்தில்தான்.) அப்பா கூடத்திலும் அம்மா உள்ளறையிலும் படுத்திருந்தார்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம், கொல்லையில் கிணற்றை ஒட்டியிருந்த குளியலறை. உள்ளே போய்த் தாழ் போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்டா நிறையத் தண்ணீர். நாலு நிபந்தனைகளில் மூன்றிலிருந்து தப்பித்துவிட்டோமே என்று எனக்கு ஒரே திருப்தி.

கர்ணம் சுவாரசியமாக எழுதியிருந்தார். யாரோ ஒருவன் முறை தவறி மதகைத் திறந்துவிட, கீழ்ப்பக்கத்து வயல்காரர்கள் திரண்டு வந்து கரையிலேயே சண்டை. அடிதடி வரப்போகிற இடம். அந்த நேரம் பார்த்து வாசலில் கேட் சத்தம் கேட்டது. கூடவே குடையைத் தரையில் ஊன்றும் டொக் டொக்.

ஞானராஜ் சாருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். நோட்டு பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு நடை பார்க்க வந்துவிட்டார்.

"வாங்க சார், நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கீங்க," என்று அம்மா வரவேற்றது குளியலறை வரை கேட்டது.

"வசந்தி படிச்சிக்கிட்டிருக்காளா?"

"இன்னிக்குப் படிக்கலாமா சார்? புத்தகத்தையெல்லாம் பூஜையில வெச்சாச்சு."

"எந்தப் புத்தகத்தை?" சாரின் குரல் ஒரு படி இறங்கியது.

"எல்லாத்தையும்தான். நீங்க வாங்கிக் குடுத்தீங்களே அந்தப் பழைய புத்தகம், அதுக்குத்தான் முதல் மரியாதை. வந்து பாருங்க."

பார்த்திருக்கிறார். விளக்கு, கலசம், சுண்டல், மைக்கூடு. குரல் இறங்கிக்கொண்டே போய், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அம்மா பட்டுத்துணியை விலக்கியிருக்க வேண்டும். அடுத்தது கேட்டது.

"ஐயையோ! சிவப்புப் புத்தகத்தைக் காணோமே!"

"கர்த்தாவே!" என்றார் ஞானராஜ் சார், இந்த முறை நன்றாக உரக்க.

நான் துள்ளி எழுந்தேன். கவிழ்த்த வாளி உருண்டது. காலில் சோப்பு வழுக்கியது. நோட்டு கையிலிருந்து எகிறி நேராக அண்டாவை நோக்கிப் போனது. நூறு வருஷம் கரையில் இருந்த ஏரிக் கணக்கு கடைசியில் தண்ணீருக்குள் போகப் பார்த்தது. எப்படிப் பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. அண்டா விளிம்பில் வயிறு அழுந்த, இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். புடவைத் தலைப்பு தண்ணீருக்குள் கிடந்தது. அப்படியே தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கிணற்றடியில் அம்மா, சார், அவர்களுக்குப் பின்னால் பேப்பரோடு அப்பா.

"குளிக்கிற ரூம்லயா!"

அம்மாவும் சாரும் ஒரே குரலில் கேட்டார்கள். பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தை அங்கேயா கொண்டுபோவாள் ஒரு பெண் என்பது அம்மாவின் ஆத்திரம். மூல ஆவணத்தை அங்கேயா கொண்டுபோவாள் ஓர் ஆய்வு மாணவி என்பது சாரின் ஆத்திரம். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றாகவே இருந்தது. நல்ல புத்தி இருக்கா என்று அம்மா கேட்டாள். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார் சார். அம்மா நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சார் அதை அவளிடமிருந்து வாங்கி, ஈரம் பட்டிருக்கிறதா என்று முதல் பக்கத்தைத் திறந்தார்.

பக்கத்தின் நட்ட நடுவில், கர்ணத்தின் எழுத்துக்கு மேலே, வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

அம்மா சொன்னாள்: "அட்டை சிவப்பா இருக்கே சார். குங்குமம் வெச்சா தெரியலை. அதான் உள்ளே வெச்சேன்."

ஞானராஜ் சார் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். குடை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் அழ ஆரம்பித்தேன். என் ஆய்வு போனால் போகட்டும், டைப்ரைட்டிங் படித்துக்கொள்கிறேன். என்னை நம்பித் தம் பெயரைக் கொடுத்த மனிதர் நாளை மறுநாள் அந்த நூலகத்தில் தலை குனிந்து நிற்க வேண்டுமே என்றுதான் இருந்தது. அம்மாவுக்கும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. "துடைச்சா போயிடும் சார்," என்று முந்தானையைத் தூக்கினாள்.

"வேண்டாம்மா!" என்று சார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், குளியலறைக் கதவைப் பார்த்தார், திறந்திருந்த அண்டாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, நோட்டை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"பூஜையிலேயே வெச்சிடுங்கம்மா. இந்த வீட்டுல இது பத்திரமா இருக்கிற ஒரே இடம் அதுதான். அந்த மைக்கூட்டை மட்டும் எடுத்துடுங்க."

போகும்போது இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே வந்துவிட்டார், கையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் கூர் சீவிய பென்சில்களும். அம்மா புனர்பூஜை முடித்து, அடுக்கை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினாள். விஜயதசமியன்று பூஜையில் இருந்த புத்தகத்தில் கொஞ்சமாவது வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது எங்கள் வீட்டு வழக்கம். மேலே இருந்தது ஏரிக் கணக்கு. எனவே அதைத்தான் படித்தோம். நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க, சார் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் பாயில் உட்கார்ந்து எழுதினார்கள். அப்பா முப்பது வருஷமாக ஆபீசில் செய்துவந்த வேலை அது. பிழையில்லாமல் எழுதினார். அம்மா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி! அவன் பாட்டுக்கு மதகைத் திறந்து விட்டுட்டானா? அப்புறம்?"

"அடுத்த பக்கம்மா."

"சீக்கிரம் திருப்புடி!"

ஆராய்ச்சியில் ஒரு வாசகர் அவ்வளவு ஆவலாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விளக்கேற்றும் வேளைக்கு வேண்டியதெல்லாம் எழுதி முடித்தோம். அன்றிரவே அதை ஆய்வேட்டில் சேர்த்தேன், சார் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அதே ரயிலில் ஜன்னலோரம் பரமசிவம் சார். எங்களைப் பார்க்காமல் பல்லாவரம் மலையைப் பார்த்தார். துணிச் சுற்று என் மடியில் கனத்தது. வழியெல்லாம் ஞானராஜ் சார், "நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே," என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

நூலகம் திறந்தது. மேஜைக்குப் போய் உட்கார்ந்ததும் நாங்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தோம். துணியைப் பிரித்தார். அட்டையைத் தடவிப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு நாள் ஆன பிறகும் சந்தனம் நன்றாக மணத்தது. (அம்மா கல்லில் இழைத்த அசல் சந்தனம். இந்த விஷயத்தில் அவள் சிக்கனமே பார்ப்பதில்லை.)

"இது முழுக்க என் பொறுப்பு," என்று ஆரம்பித்தார் ஞானராஜ் சார். "நான்தான் கவனக்குறைவா..."

"நீங்க பொட்டு வெக்கிற ஆளு இல்லையே சார்," என்றார் பரமசிவம் சார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். "எங்கம்மா, சார். தெரியாம பண்ணிட்டாங்க. இல்லை, தெரிஞ்சுதான் பண்ணினாங்க. மரியாதையா நினைச்சுத்தான்..."

பரமசிவம் சார் திரும்பி அந்த இழுப்பறைப் பெட்டிச் சுவரைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். விடுமுறைக்கு முன்னால் ஊழியர்கள் ஆயுத பூஜை போட்டிருக்கிறார்கள். இழுப்பறை ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். ஏணிக்கு மாலை. "பேசாதீர்கள்" பலகைக்குக்கூட நடுவில் ஒரு பொட்டு இருந்தது.

அவர் ஓர் அட்டையை எடுத்து எழுதினார். தலைகீழாக நான் படித்தேன். "முதல் பக்கத்தில் சந்தனம், குங்குமக் குறி." அவ்வளவுதான். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று ஒன்றும் எழுதவில்லை. இனிமேல் மூல ஆவணம் எதுவும் வாசற்படி தாண்டாது என்று மட்டும் சொன்னார். தலையாட்டினோம். வெளியே வந்ததும் ஞானராஜ் சார் குடையை விரித்துக்கொண்டார். வெயில்கூட இல்லை.

சாயங்கால ரயிலில் நான் வழக்கம்போல் பரமசிவம் சாரின் எதிர் சீட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல் மலையைப் பார்க்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"என்ன சுண்டல் பண்ணாங்க?" என்றார்.

"கொண்டைக்கடலை, சார்."

"ம்," என்றார். பிறகு மலையைப் பார்த்தார்.

எம்.லிட். பட்டம் வந்தது. வேலை கிடைத்தது. அப்பாவின் பக்கத்து மேஜையிலிருந்து தப்பித்தேன். என் ஆய்வேடு அதே நூலகத்தில் ஏதோ ஓர் அலமாரியில் தூங்குகிறது. எனக்குத் தெரிந்து ஒருவரும் அதை மேற்கோள் காட்டியதில்லை. ஞானராஜ் சாரும் பரமசிவம் சாரும் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் பழைய மாணவி ஒருத்தி, "உங்க ஏரி பத்தி வந்திருக்கு டீச்சர்," என்று ஓர் ஆய்விதழைக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் அந்தச் சிவப்பு நோட்டைப் பார்த்து நீளமாக எழுதியிருந்தார். என் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். (இந்த வயதிலும் அந்த ஆசை போகவில்லை.) இல்லை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க முதல் பக்கத்துப் பொட்டைப் பற்றி இருந்தது. நீர்க் கணக்கை அக்காலத்து மக்கள் தெய்வமாகவே வணங்கினார்கள், ஊரார் கூடி அதற்குப் பூஜை செய்திருக்கிறார்கள், அதற்கு இந்தச் சந்தனக் குறியே மறுக்க முடியாத நேரடிச் சான்று என்று எழுதியிருந்தார். படமும் போட்டிருந்தார். அம்மாவின் மோதிர விரல் ரேகை வரைக்கும் தெரிந்தது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், காது மட்டும் கூர்மை. முழுக்கக் கேட்டுவிட்டு, "ஊரார் எங்கேடி வந்தாங்க? நான் ஒருத்திதானே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சாங் கிளாஸோடு நிறுத்தப்பட்டவள். எந்த நூலகத்து வாசற்படியையும் மிதித்ததில்லை. நான் இத்தனை படித்து எழுதி அந்தக் கட்டடத்தில் பதிக்க முடியாத தடத்தை அவள் ஒற்றை விரலால் பதித்துவிட்டாள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இருந்தாலும் ஞானராஜ் சாரின் மாணவி சும்மா இருக்கக் கூடாது. அந்த ஆராய்ச்சியாளருக்கு நடந்ததையெல்லாம் விவரமாக எழுதினேன், குளியலறையைத் தவிர. மரியாதையாகத்தான் பதில் போட்டார். தகவல் சுவையாக இருப்பதாகவும், ஆனால் இது குடும்பத்தில் சொல்லிவரும் கதை போலத் தெரிவதாகவும், பிரைமரி சோர்ஸ் ஏதாவது இருந்தால் மட்டுமே தம் முடிவை மாற்றிக்கொள்ள முடியும் என்றும் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பெயரே பிரைமரிதான். "பிரைமரி சாப்பிட்டாச்சா?", "பிரைமரி மருந்து எடுத்துக்கிட்டாங்களா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டிய நாளில், அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசற்படிக்கு வந்து நின்று கேட்டாள்.

"சோர்ஸுன்னா என்னடி?"

"நேர்ல பார்த்தவங்கம்மா. ஆதாரம்."

"அது இங்கே கொண்டைக்கடலை தாளிச்சிக்கிட்டு நிக்குது, வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு," என்றாள்.